சாவுக்குத் தைத்த பாவாடை

மூட்டைப்பூச்சியைப் போல ஒரு சனியன் உலகத்தில் இல்லை. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் பில்டிங்குக்குள் அது புகுந்த கிழமை, துணிமணி எல்லாவற்றையும் கொதிநீரில் தோய்த்து டிரையரில் போடும்படி கதவு கதவாகத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். லாவோஸ் மலைச்சனமான ஹ்மொங் இனத்து எதிர்வீட்டுப் பெண்ணும் தோய்த்தாள். அவளுடைய அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் கிடந்தா. நித்திரையில்லாத கண்ணோடு, பையில் என்ன இருக்கிறதென்று பாராமலே மெஷினுக்குள் கொட்டியிருக்கிறாள்.

அந்தப் பையில்தான் அம்மாவின் சாவுப் பாவாடை இருந்தது.

லாவோசிலிருந்து ஆறு கடந்து தப்பி, தாய்லாந்து முகாமில் கிடந்த காலத்தில் அந்த மனுசி தன் சாவுக்கென்று தானே தைத்தது. சணல்நார்த் துணி, அவுரி நீலம், விளிம்பு முழுக்கச் சிவப்பு நூலில் அவர்கள் குலத்துக் கோலம். ஏட்டில் எழுதி வைக்காத சனம். தாங்கள் யார், எந்த மலை என்பதையெல்லாம் துணியில்தான் வைத்திருந்தார்கள். செத்தவர் போய்ச் சேரும்போது முன்னோர்கள் முகத்தைப் பார்ப்பதில்லையாம், உடுப்பைத்தான் பார்ப்பார்களாம். கோலம் தெரியாவிட்டால் எங்கள் பிள்ளை இல்லை என்று திருப்பிவிடுவார்களாம்.

பாவாடையைத் தூக்கிக்கொண்டு அவள் என் வீட்டுக்கு ஓடிவந்தாள். நாங்கள் பேசுவது அரைகுறை இங்கிலிஷ். 'அக்கா' மட்டும் அவள் என்னிடமிருந்து பிடித்துக்கொண்ட தமிழ். விரித்துப் பார்த்தேன். ஐயோ! நீலமும் சிவப்பும் ஒன்றாய்க் கலங்கி, எது கோலம் எது கறை என்றே தெரியவில்லை. பொடிப்பொடி மடிப்புகள் அத்தனையும் குலைந்துவிட்டன. என் அம்மாவின் கூறைச்சீலையும் ஊரில் ஷெல்லடிக்குப் பதுங்கிய ஏதோ ஒரு பங்கருக்குள் மக்கிப்போனதுதான். ஆனால் அது சண்டையில் போனது. இது சண்டையெல்லாம் தப்பிவந்து, கேவலம் ஒரு பூச்சியால் போனது.

"அழாதை. மடிப்பையாவது நான் பிடிச்சுத் தாறன்" என்றேன். சீலைக்குக் கொய்யகம் பிடித்துப் பழகிய கையல்லவா! நிலத்தில் விரித்து, மடிப்பு மடிப்பாக எடுத்து, சேஃப்டி பின் குத்திக்கொண்டே போனேன். அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்தாள்.

"இரும்பு கூடாது அக்கா. உடம்போடை போனால் அங்கையும் குத்திக்கொண்டே இருக்குமாம்."

பின்களைக் கழற்றிவிட்டு நூலால் ஓட்டித் தைத்தோம். மடிப்பு நின்றது. கோலத்தை என்ன செய்வது? அதைத் தைக்கத் தெரிந்த ஒரே ஆள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தா. அடுத்த நாள் அவவும் போய்விட்டா.

அந்தப் பாவாடையைத்தான் உடுத்திப் பெட்டியில் கிடத்தினார்கள். மூடுவதற்கு முன் மகள் குனிந்து காதுக்குள் ஏதோ சொன்னாள். திரும்பி வந்ததும், என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"உடுப்பைப் பார்த்து விளங்காட்டி, வாயாலை சொல்லச் சொன்னன். தாத்தான்ரை பேர், அவரின்ரை தகப்பன்ரை பேர்."

"அதுக்கு முந்தினாக்கள்?"

"எனக்குத் தெரியாது அக்கா. அது பாவாடையிலை இருந்தது."