வாசித்து விளங்கிக்கொண்டேன்

நீங்கள் டைப் அடித்த ஒன்றை நீங்களே வாசித்துப் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. என் வேகத்துக்குக் காரணமே அதுதான். கண் எழுத்தைப் பார்க்கும், விரல் அடிக்கும், மண்டை தன் பாட்டுக்கு மெட்னி ஷோவுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

பதுளையில் தனியாக வைத்தியம் பார்க்கும் ஒரு டொக்டரிடம் எனக்கு வேலை. தேயிலைத் தோட்டத்துக் கூலிச் சனம் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்தில் காலேஜ் முடித்து மேசை வேலைக்குப் போனவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிரோடுதான் திரிந்தேன். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மாதத்தில் ஒரு ஞாயிறு, சுற்றுவட்டார டொக்டர்மாரைப் பண்டாரவளையில் சேர்த்து வகுப்பு வைப்பார். புது நோய், புது மருந்து என்று ஒரு மணித்தியாலப் பேச்சு. அதற்குப் பிறகு சாப்பாடு. அது மூன்று மணித்தியாலம் போகும். தோட்டங்களில் மருந்து கொடுப்பவர்களும் வருவார்கள். அவர்கள் முழு டொக்டர் இல்லை. ஆனால் லயத்துச் சனத்துக்கு அவர்கள்தான் டொக்டர் ஐயா.

சீனியைக் கூப்பனுக்கு அளந்து கொடுத்த அந்தக் காலத்தில் வாந்திபேதி வந்தது. கூட்டம் கூடக் கூடாது என்றார்கள். வகுப்பு நின்றது.

"வருத்தம் பரவுற நேரத்திலதான் தம்பி படிக்க வேணும்," என்றார் டொக்டர். "நான் எழுதித் தாறன். நீர் ஸ்டென்சில் அடியும். பிரதி எடுத்துத் தபாலில அனுப்புவம்."

"வாசிக்காம விட்டாங்கன்னா, சேர்?"

"அதுக்கு வழி வச்சிருக்கிறன்."

வழி என்பது தாளின் அடியில் ஒரு துண்டு. 'வாசித்து விளங்கிக்கொண்டேன்' என்று இங்கிலீசில் இருக்கும். கையெழுத்துப் போட்டுக் கிழித்து அனுப்ப வேண்டும். வராவிட்டால் தோட்டத்தை நடத்தும் தொரைக்கே கடிதம் போகும். துண்டுகள் ஒன்றுவிடாமல் வந்தன. டொக்டருக்கு வாயெல்லாம் பல்.

மூன்றாவது தாள் வாந்திபேதியைப் பற்றியது. அரை மணித்தியாலத்தில் அடித்து எறிந்துவிட்டுப் படத்துக்குப் போனேன். படம் படு மோசம்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, லுணுகலைப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குப் போனேன். எங்கள் லயத்து அறையான காம்பராவில் அக்கா சுருண்டு கிடந்தாள். அம்மா அப்பா போன பிறகு, கொழுந்து பறித்து என்னைக் காலேஜுக்கு அனுப்பியவள். விடியும்போது வாந்திபேதி தொடங்கியதாம். அதற்குள் கண் குழிக்குள் போயிருந்தது.

"வந்துட்டியா," என்றாள். பிறகு அத்தானைப் பார்த்து, "தம்பிக்குத் தேத்தண்ணி போடுங்க. டப்பாவுல சீனி வச்சிருக்கேன்."

கூப்பன் சீனியில் எனக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைப்பாள். அத்தான் இருந்ததை எல்லாம் கொட்டிப் போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.

"எனக்கு ஒரு வாய் தண்ணி குடுடா."

"குடுக்காத," என்றார் அத்தான். "டொக்டர் ஐயா காலையில வந்து பாத்துட்டுத்தான் போனாரு. உள்ள போற தண்ணிதான் வெளிய போகுதாம். வயித்தக் காயப் போடணுமாம். லொறிக்குச் சொல்லியிருக்காரு, டவுனுக்குக் கொண்டு போயிரலாம்."

"ஒரே ஒரு வாய்டா."

"டொக்டர் ஐயா சொன்னாக் கேளுக்கா. படிச்சவரு சும்மாவா சொல்வாரு?"

இதைச் சொன்னது நான். குடத்தைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்ததும் நான். அவள் கண் குடத்தின் பின்னாலேயே போனது.

கொழுந்து ஏற்றப் போயிருந்த லொறி பின்னேரம்தான் வந்தது. பதுளைக்குப் பாதி வழியிலேயே முடிந்துவிட்டது.

காரியம் எல்லாம் முடித்து மேசைக்குத் திரும்பினால், துண்டுகள் வந்து குவிந்திருந்தன. எங்கள் தோட்டத்து டொக்டர் ஐயாவின் துண்டும் கிடந்தது. கையெழுத்தும் திகதியும் பளிச்சென்று இருந்தன. நான் ஊருக்குப் போனதற்கு முதல் நாள் திகதி.

அன்றைக்குத்தான் அந்தத் தாளை எடுத்து வாசித்தேன். வாந்திபேதிக்காரருக்குத் தண்ணீரை நிறுத்துவது பழைய பிழை. கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சீனியும் கலந்து, வாந்தி எடுத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவுக்கு எவ்வளவு என்றுகூடப் போட்டிருந்தது. ஓர் எழுத்துப் பிழை இல்லை. அவ்வளவு சுத்தமாக அடித்திருந்தேன். அக்கா வீட்டில் உப்பு அடுப்படியில் இருந்தது. சீனியை நான் குடித்திருந்தேன்.

துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன். டொக்டர் ஐயா மருந்துப் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாசிச்சு விளங்கிச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போடலன்னா தொரைக்குக் காயிதம் போகும் தம்பி. அன்னைக்கு எத்தன காம்பரா ஏறி எறங்குனேன்னு ஒனக்குத் தெரியுமா? தாள எங்க பிரிச்சேன்."

"பிரிச்சிருந்தா எங்க அக்கா இருந்திருக்கும்."

அவர் போத்தலைத் தட்டில் வைத்தார். "நீதானப்பா அத டைப் அடிச்ச? நீ வாசிச்சியா?"

வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு போன கெட்ட வார்த்தைகளை அப்படியே சுமந்துகொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மறுநாள் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "துண்டு வந்ததுதானே?" என்றார்.

வாந்திபேதி போய்விட்டது. தாள் போகவில்லை. கூட்டம் வைப்பதைவிட இது சுகம் என்று டொக்டர் அதையே பிடித்துக்கொண்டார். போன மாதம் இருமலைப் பற்றி ஒரு தாள். அதன் நடுவில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: இதுவரை வாசித்தவர் துண்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போடவும். சரி பார்க்கக் கொடுத்தேன். டொக்டர் அந்த வரியைப் பற்றி ஒன்றும் கேட்காமல் சரி என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

இன்றைக்குக் காலைத் தபாலோடு பதினொரு துண்டும் வந்துவிட்டன. பத்தின் பின்பக்கம் வெள்ளை. ஒன்றில் வட்டம் இருக்கிறது. அது எங்கள் தோட்டத்து டொக்டர் ஐயாவுடையது.