மாமா வாங்கிய சின்ன ஆம்ப்

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது, மாமா தன் கித்தாரின் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டியை, ஆம்ப்பை, புதிதாக வாங்கப்போவதாக அறிவித்தார். பழையது செத்துவிட்டதாம். மெல்லிய தந்திகளை மீட்டினால் பஞ்சு மூட்டையைத் தட்டுவதுபோல் இருக்கிறதாம். அப்பா கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டுப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். உங்களுக்குச் சங்கீதம் தெரியாது என்று மாமா சொல்லிவிட்டார். அது உண்மையும்கூட. அப்பா அதோடு ஒதுங்கிக்கொண்டார்.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். கோலாலம்பூருக்கு வடக்கே புக்கிட் செந்தோசாவில் எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தார். பக்கத்து ஊரான ரவாங்கில் இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் தொழிற்சாலையில் வேலை. வார இறுதிகளில் ஒரு குழுவோடு சேர்ந்து கல்யாண விருந்துகளிலும் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களிலும் வாசிப்பார். தொழிற்சாலையில் காதில் செருகிக்கொள்ள மஞ்சள் நிறத்தில் பஞ்சு அடைப்பான்கள் கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டால் மெஷின் கோளாறு பண்ணுவது தெரியாமல் போய்விடும் என்று மாமா அவற்றைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். என் பொம்மைகளுக்கு அவைதான் தலையணை.

அம்மா கூப்பிட்டால் மாமா திரும்பமாட்டார். டிவியை அலறவிடுவார். எதைக் கேட்டாலும் 'ம்' என்று ஒரே பதில். எப்போது பார்த்தாலும் கனவு என்று அம்மா திட்டுவாள். அவர் கலைஞர் என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று நான் நினைத்திருந்தேன்.

பழைய வால்வு ரேடியோக்களில் இருந்ததைப் போன்ற கண்ணாடிக் குழாய்களை வைத்துச் செய்த ஆம்ப்தான் வேண்டும் என்று மாமா முடிவு பண்ணியிருந்தார். அந்தக் காலத்து ஆம்ப்களை அச்சு மாறாமல் மறுபடி செய்து விற்கிறார்கள் என்று கைப்பேசியில் படித்திருக்கிறார். அதில் வாசித்தால் செத்த தந்திக்கும் உயிர் வந்துவிடும் என்று சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம் விளக்கினார். அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு போட்டாள்.

கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் அந்தக் கடை இருந்தது. துணைக்கு நான் போனேன். குடுமி போட்ட மலாய்க்கார அண்ணன் ஒருவர் இரண்டு ஆம்ப்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று கறுப்பு, பெரியது, பல திருகுகள் கொண்டது. மற்றது பழைய மாதிரியின் மறுபதிப்பு. மஞ்சள் கலந்த வெள்ளைத் துணி ஒட்டிய சின்னப் பெட்டி. சத்தத்துக்கு ஒரு திருகு, தொனிக்கு ஒரு திருகு. பின்பக்கம் குனிந்து பார்த்தால் குழாய்கள் அடுப்புத் தணல்போல் சிவந்து கிடந்தன. பெட்டி சின்னதாக இருந்தாலும் மண்டபத்தில் முன்னால் ஒரு மைக் வைத்தால் போதும் என்று அந்த அண்ணன் சொன்னார்.

மாமா முதலில் கறுப்பில் வாசித்தார். பிறகு சின்னதில். மறுபடி கறுப்பில். ஒரே மெட்டு. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சின்ன ஆம்ப்பின் தொனியைக் கொஞ்சம் கூட்டினார், இன்னும் கூட்டினார், கடைசி வரைக்கும் திருகினார். கடைக்கார அண்ணன் மெல்லக் கைநீட்டிக் குறைத்தார். மாமா மறுபடி கூட்டி, மிக மெல்லிய தந்தியை ஓங்கி மீட்டினார். நான் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டேன்.

மாமா என்னைப் பார்த்தார். தந்தியின்மேல் கையை வைத்து நிறுத்தினார்.

"எப்படி கேக்குது உனக்கு?"

"ஊசி குத்துற மாதிரி இருக்கு மாமா."

அவர் நாற்காலியைத் தள்ளி எனக்கு இடம் விட்டார். "நீயே திருப்பு. எங்க நல்லா இருக்கோ அங்க நிறுத்து."

திருப்பினேன். அவர் மீட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். ஓரிடத்தில் மணி மாதிரி இருக்கிறது என்று சொல்லி நிறுத்தினேன்.

"மணி மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, அதே தந்தியைத் திரும்பத் திரும்ப மீட்டினார். கறுப்பிலும் என்னையே திருப்பச் சொன்னார். இரண்டில் எது என்றார். நான் சின்னதைக் காட்டினேன். அதையே எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டார். மின்தூக்கியில் அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டு வந்தார். பெரியவர்கள் யாரும் அதுவரை என் பேச்சைக் கேட்டு எதையும் வாங்கியதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் நிறுத்திய இடத்தில் அம்மாவின் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தார். அதன்பின் பின்னறையில் தினமும் வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் முடித்ததும், இதுவும் அதே மாதிரிதான் என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். எந்த மாதிரி என்று நான் கேட்டதில்லை.

புது ஆம்ப்போடு முதல் கல்யாணம் கோல சிலாங்கூரில், ஒரு மண்டபத்தில். மத்தியான விருந்து. அம்மாவும் நானும் போயிருந்தோம். லோரியில் குலுங்கியதில் குழாய் ஒன்று தளர்ந்திருக்க வேண்டும். பாட்டின் நடுவே, மாமா தனியாக வாசிக்கும் இடம் வந்தபோது, ஆம்ப்பிலிருந்து விசில் போல ஒன்று கிளம்பியது. மெலிதாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார்கள். ஒரு கைக்குழந்தை வீரிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும்கூடக் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

மாமா கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு அழகாகச் சிரித்த முகத்தோடு நான் அவரைப் பார்த்ததில்லை.

கீபோர்டு வாசிக்கிறவர்தான் குழுவுக்குத் தலைவர். அவர் வந்து தோளைத் தட்டினார். மாமா கண்ணைத் திறந்து, இன்னொரு சுற்று வாசிக்கச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு, மறுபடி ஆரம்பித்தார். கடைசியில் கீபோர்டுக்காரர் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். மாமா தந்தியைப் பார்த்தார், ஆம்ப்பைப் பார்த்தார். பிறகு மண்டபத்தைப் பார்த்தார். எல்லாரும் காதிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே லோரிக்குப் பக்கத்தில் கீபோர்டுக்காரர் மாமாவுக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுலா. டாக்டர போய் பாரு." மாமா தலையாட்டினார்.

டாக்டர் சொன்னதை அம்மா வெகுநாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். தொழிற்சாலைச் சத்தத்தில் மேல்சுருதிகள் எல்லாம் அவர் காதிலிருந்து போய்விட்டன. போனது திரும்பாது, மிச்சமும் போய்க்கொண்டிருக்கிறது. மாமா அதற்குப் பிறகு மேடையேறவில்லை. தொழிற்சாலைக்கு மட்டும் போய்வந்தார். வேறு வேலை அவருக்குத் தெரியாது.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும். கல்யாணம் முடிந்து, பத்தாங் பெர்ஜுந்தை வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். மாமா காரை ஓட்டினார், அம்மா பக்கத்தில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். யாரும் பேசாதது எனக்குப் பொறுக்கவில்லை. பின்சீட்டிலிருந்து எட்டி மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"எல்லாரும் காதப் பொத்திக்கிட்டாங்க. நீங்க மட்டும்தான் பயப்படாம வாசிச்சீங்க மாமா."

அவர் திரும்பவில்லை. அம்மா பின்னால் கைநீட்டி என் முழங்காலை அழுத்தினாள். எதற்கு அழுத்துகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பாராட்டினால் மாமாவுக்குக் கூச்சம் வந்துவிடும்போல என்று எண்ணிக்கொண்டேன். அதனால் அவர் காதோரம் வாயை வைத்து, அதையே இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.