நாற்பத்து நான்காவது பெட்டி

"நான் கழட்டின ஏர் பாக்ஸ் திரும்ப வண்டியில ஏறினதா சரித்திரமே கிடையாது. அப்படி ஒண்ணு நடந்தா, அன்னைக்கே ஸ்பானரைக் கீழ வெச்சிடறேன்."

சர்ஜன் இதை மேடை போட்டு அறிவிக்கவில்லை. பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள், மூன்று வாடிக்கையாளர் முன்னிலையில் சொன்னார். ஆனாலும் நெஞ்சைத் தட்டிச் சொன்னதால் அது சாசனமாகிவிட்டது.

சர்ஜன் என்பது ஊர் கொடுத்த பட்டம். வேகம் கேட்டு எந்த மோட்டார் சைக்கிள் வந்தாலும், கார்புரேட்டருக்குக் காற்றை வடிகட்டிக் கொடுக்கும் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியை முதலில் பிடுங்கிவிடுவார். அந்த இடத்தில் பளபளவென்று இரண்டு கூம்பு பில்டர், உள்ளே பெட்ரோலைக் கூடுதலாக விடும் பெரிய ஜெட். வண்டி உறுமும், சொந்தக்காரருக்குப் புல்லரிக்கும். பிடுங்கிய பெட்டிகள் பரண்மேல் வாயைப் பிளந்தபடி வரிசையாகக் கிடக்கும். நாற்பத்து மூன்று. ஜன்னலைத் திறந்தால் அவற்றிலிருந்து ஒரு முனகல் கிளம்பும். சர்ஜன் உடனே ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

நாற்பத்து நான்காவது, அத்தானுடைய வண்டிப் பெட்டி.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், இருந்தவரை அதன் பக்கம் சர்ஜனை அண்டவிட்டதில்லை. "மாப்ள, எங்க வேணா கை வை. பெட்டிய மட்டும் தொடாத" என்பார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாலை ஆறு மணிக்கு வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

இப்போது அவர் மகள் வெளியூர் வேலைக்குத் திங்கட்கிழமை கிளம்புகிறாள். அப்பா வண்டியில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "மாமா, ரோட்ல போறவன் திரும்பிப் பார்க்கணும்" என்றாள். சர்ஜனுக்கு வேறென்ன வேண்டும்? பெட்டி பரணுக்குப் போனது.

பட்டறைச் சந்தில் வண்டி சிங்கமாய் ஓடியது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அதை அக்கா வீட்டுத் தெருவுக்குள் திருப்பினார். வாசலுக்குப் பத்தடி முன்னால் எஞ்சின் இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது.

அத்தானும் வாசலுக்கு வரும்போது இரண்டு முறைதான் செருமுவார்.

சர்ஜன் ஜெட்டை மாற்றினார். மறுநாள் மாலை அதே இடம், அதே இருமல். கார்புரேட்டர் ஊசியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். சந்தில் சிங்கம், வாசலில் இருமல். பிடரியில் யாரோ ஊதுவதுபோல் இருந்தது.

"அவர்தான்டா" என்றாள் அக்கா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "மகள அனுப்ப அவருக்கு மனசில்ல. நீ என்னவோ ஜெட்டு கிட்டுன்னு உருட்டிட்டு இருக்க."

சர்ஜன் பேய் பிசாசை நம்பாதவர். ஆனால் நிதானமாக யோசித்துப் பார்த்தார். பில்டர்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டால் தொழிலுக்குக் களங்கம். பேய் என்றால் ஒரு களங்கமும் இல்லை. ஐந்தே நிமிஷத்தில் அவருக்குப் பேயின்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது.

"நானே சொல்லணும்னு இருந்தேன்க்கா. என் வேலையில ஒரு குத்தம் கிடையாது."

"அப்ப அவ போக வேண்டாம். வரலைன்னு இப்பவே போன் பண்ணிச் சொல்லட்டும்."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பாவா தடுக்கறாரு? என் மூஞ்சிய பார்த்துத் தடுக்கச் சொல்லுங்க!" என்று வாசலுக்கு இறங்கிக் கிக்கரை உதைத்தாள். தெருவின் மறுபக்கம் முழுக்க வெட்டவெளி மைதானம். அதற்கு முதுகைக் காட்டி, வண்டியை மறைத்தபடி நின்று ஆக்சிலரேட்டரைத் திருகினாள். எஞ்சின் அழகாக ஓடியது. ஒரு பக்கமாய் விலகினாள். இருமி நின்றது. மறுபடி மறைத்து நின்று உதைத்தாள், ஓடியது. நகர்ந்தாள், நின்றது.

"மாமா, இது அப்பாவா? மைதானத்துக் காத்தா?"

சர்ஜனின் சந்தில் இரண்டு பக்கமும் சுவர். இருபது வருஷமாக அங்கேதான் ஓட்டிப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். பக்கவாட்டுக் காற்று பெட்டியில்லாத பில்டரை அறைந்தால் கார்புரேட்டர் திணறும் என்பதை அந்தச் சந்து அவருக்குச் சொல்லவேயில்லை. "ரோட்ல நிக்குதுண்ணே" என்று திரும்பி வந்தவர்களை, "உனக்கு ஓட்டத் தெரியல" என்று அனுப்பியிருக்கிறார். அந்த முகங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து நின்றன. பிறகு, வளைவில் பின்னால் லாரி வர, நின்றுபோன வண்டியோடு நடுரோட்டில் இவள் முகம்.

'அத்தான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளும் போக மாட்டாள், சாசனமும் பிழைத்துக்கொள்ளும். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்துதான்க்கா" என்றார் சர்ஜன். "அத்தான் இல்ல."

பட்டறைக்கு வந்து, யாரும் பார்க்காமல் ஷட்டரைப் பாதி இறக்கினார். பரணிலிருந்து நாற்பத்து நான்காவதை மட்டும் எடுத்தார். பிடுங்கிய பெட்டி எதையும் அவர் இதுவரை திறந்து பார்த்ததில்லை. புது பில்டர் வைக்க மூடியைக் கழற்றினார். மூடியின் உட்புறத்தில், வெள்ளைப் பெயின்ட்டில், அத்தானின் சாய்ந்த கையெழுத்தில், பில்டர் மாற்றிய தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி:

'மாப்ள, திரும்ப மாட்டும்போது கையைக் கழுவிட்டு மாட்டு.'

ரேடியோ ஓடவில்லை. பரணில் நாற்பத்து மூன்று வாய்களும் மெல்ல முனகின. சர்ஜன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஸ்பானரைக் கீழே வைத்தார். குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு, இரண்டு முறை கையைக் கழுவினார்.

பிறகு வந்து, பெட்டியை மாட்டினார்.