ஓவனில் சூடேறாத மூலை

கஃப்ஸா நகருக்குத் தெற்கே அந்தப் பாஸ்பேட் சுரங்கத்தின் பரிசோதனைக்கூடத்தில் சூடு என்று எது இருந்தாலும் அது ஹனியாவின் பொறுப்பு. ஆயிரம் டிகிரிக்குச் செக்கச்செவேல் என்று பழுக்கும் மஃபிள் உலை, அமிலம் கொதிக்க வைக்கும் ஹாட் பிளேட், வெந்நீர்த் தொட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக, தோண்டி எடுத்த மண்ணின் ஈரத்தை உலர்த்தி எடை பார்க்கும் நூற்றைந்து டிகிரி ஓவன். இருபத்திரண்டு வருடமாக இவற்றோடு பேசுகிறாள், திட்டுகிறாள். புருஷனிடம்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டாள். மஃபிள் உலைக்கு அவள் வைத்த பெயர் மாமியார். கதவைத் திறந்தாலே முகத்தில் அடிக்குமாம்.

'ஓவனில் உணவு வைக்கக் கூடாது' என்று சுவரில் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் ஹனியாதான். பன்னிரண்டு மணிக்கு மண் மாதிரிகளை வெளியே எடுத்துவிட்டு, ஏழு பேருடைய கோதுமை ரவைக் கூஸ்கூஸ் டப்பாவையும் ரொட்டியையும் உள்ளே அடுக்குபவளும் அவளேதான். வேறென்ன செய்வாள், பாவம்? ஆறிப்போன கூஸ்கூஸை வாயில் வைக்க முடியுமா?

இந்த லட்சணத்தில் தலைநகரிலிருந்து நஃபீஸா அம்மாள் தணிக்கைக்கு வந்து இறங்கினார். ஓவன் தேறாவிட்டால் மாதிரிகளெல்லாம் ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பரிசோதனைக்கூடத்துக்குப் போய்விடும். ஹனியா கோப்பு அறையில் உட்கார்ந்து முத்திரை குத்த வேண்டியதுதான்.

"அதுக்கு என்னை மாமியாருக்குள்ளயே தள்ளிடுங்க" என்று மேலாளர் லஸ்ஹரிடம் அழாத குறையாகச் சொன்னாள்.

"நீ வாயை மூடிக்கிட்டு இரு, அதுவே பெரிய உபகாரம்" என்றார் அவர்.

நஃபீஸா ஓவனுக்குள் ஒன்பது இடங்களில் வெப்பமானிக் கம்பிகளை வைத்து, இரண்டு மணி நேரம் காத்திருந்தார். நடுத்தட்டு முழுக்க நூற்றைந்து. மேல்தட்டு நூற்றுப் பன்னிரண்டு. கீழ்த்தட்டில், கதவோரத்து இடது மூலை எழுபத்தொன்று.

"எழுபத்தொண்ணா! இதுல காய வெச்ச மண்ணோட கணக்கை எப்படிம்மா நம்புறது?"

"நடுத்தட்டுல மட்டும்தான்மா மண்ணை வைப்பேன். மேல்தட்டு பொசுக்கிடும். அந்த மூலையில கதவு ரப்பர் கிழிஞ்சிருக்கு, சூடே ஏறாது."

"அளந்து எழுதின தாள் இருக்கா? இல்லாம உனக்கு எப்படித் தெரியும்?"

தாளாவது மண்ணாவது! லஸ்ஹர் அவள் காலை நறுக்கென்று மிதித்தார். சொன்னால் சாப்பாட்டுக் குற்றம், சொல்லாவிட்டால் முத்திரைக் கட்டை. ஹனியா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"சாப்பாடு வெச்சுத்தான்மா தெரிஞ்சுக்கிட்டேன். மேல வெச்ச ரொட்டி கருகிடும். நடுவுல வெச்சா பதமா இருக்கும். அந்த மூலையில வெச்ச கூஸ்கூஸ் மட்டும் பதினோரு வருஷமா வெதவெதன்னுதான் வரும்."

"பதினோரு வருஷமா அங்கேயே யாரோட டப்பாவை வெச்சே?"

ஹனியா தரையைப் பார்த்தாள். லஸ்ஹர் அவளைப் பார்த்தார். அவர் அங்கே மேலாளராகி வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது.

"என்னுதா?"

"வந்த புதுசுல உங்ககிட்ட புது ஓவன் கேட்டேன். பழசுக்கு என்ன கேடுன்னு கேட்டீங்க. என்ன கேடுன்னு நீங்களே தெரிஞ்சுக்கட்டும்னுதான்..."

நஃபீஸா பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், முக்காடே நழுவிவிட்டது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: கீழ்த்தட்டு இடது மூலையில் எழுபத்தொன்றுதான், நடுத்தட்டுக்கு மட்டும் ஓவன் தேறியது, கதவு ரப்பரை மாற்ற வேண்டும், சாப்பாட்டுக்கு வேறு அடுப்பு வாங்க வேண்டும். ஹனியாவுக்குப் பாதி உயிர்தான் வந்தது. யாரை எந்த அறையில் உட்கார வைப்பது என்பது லஸ்ஹர் கையில் அல்லவா இருந்தது?

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நாலு டப்பா மாத்தினேன். உன் கையால செஞ்சா சூடே நிக்காதான்னு தினமும் பொண்டாட்டியைத் திட்டினேன். போன வாரம் கோவிச்சுக்கிட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா."

"ஐயய்யோ!" என்றாள் ஹனியா. "கோப்பு அறைக்கே போயிடறேன் ஐயா."

"கோப்பு அறையும் வேண்டாம், குப்பை அறையும் வேண்டாம். சால்வையை எடுத்துக்கிட்டு என்கூட அவ அக்கா வீட்டுக்குக் கிளம்பு, நீயே வந்து சொல்லு" என்று லஸ்ஹர் எழுந்தார். "அம்மா எழுதின தாளையும் எடுத்துக்கோ. வெறும் வாயால சொன்னா அவ நம்ப மாட்டா."