மகளின் துவக்கு லைசென்ஸ்

எங்கள் வீட்டில், துணி தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில், ஓர் இரும்புப் பெட்டகம் சுவரோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கிறது. திறப்பு என் மகள் மதுராவிடம் மட்டுமே உண்டு. வீடு என் பெயரில் இருந்தாலும் அதைத் திறக்க எனக்கு அனுமதியில்லை. உள்ளே இருப்பது, சுட்டு எத்தனையோ காலமான பழைய ரிவோல்வர் ஒன்று. மதுரா பக்கத்து நகரமான சில்க்போர்க்கில் பழைய உலோகப் பொருட்களைத் திருத்துகிறவள். பழைய கைத்துவக்குகள் சேர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, பொலிஸில் முறைப்படி லைசென்ஸ் எடுத்தாள். எங்கள் டேனிஷ் ஊரான பிராண்டேயில் தபால்தலை சேர்ப்பவரையும் துவக்குச் சேர்ப்பவரையும் ஒரே மாதிரித்தான் பார்க்கிறார்கள். நான்தான் அந்தப் பெட்டகத்தைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

மட்டக்களப்பில் என்னைப் பெற்ற ஐயாவிடமும் லைசென்ஸ் இருந்தது. வயலுக்கு வரும் பன்றிகளை விரட்டக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் அனுமதி பெற்று வாங்கிய துவக்கு. ஒரு பின்னேரம் இயக்கப் பெடியள் வந்து அதைக் கொண்டுபோனார்கள். பிறகு ஆமி வந்தது. லைசென்ஸ் எடுத்தவர்கள் யார் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஐயாவை முற்றத்தில் முழங்காலில் இருத்தி, என் வயது ஆமிப் பையன் ஒருவன் கேட்டான்: "துவக்கு எங்க?" கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தியபடி ஐயா, அந்தப் பையனைச் சிங்களத்தில் 'துரை' என்று அழைத்து, ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "அவங்க கொண்டு போயிட்டாங்க, மாத்தயா." பயத்தில் ஐயாவின் சாறன் நனைந்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சென்ற வசந்த காலத்தில் ஒரு காலை, எங்கள் வாசலில் பொலிஸ் கார் நின்றது. மதுரா வேலைக்குப் போய்விட்டிருந்தாள். கதவைத் திறந்தேன். அவளைவிடவும் இளைய பொலிஸ்காரி ஒருத்தி சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னாள். துவக்குப் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தாள்.

"வோ எர் வோப்னெத்?" என்றாள். துவக்கு எங்கே?

என் கைகள் மேலே போயின. "அவங்க கொண்டு போயிட்டாங்க," என்று டேனிஷில் சொன்னேன்.

அவள் சிரிப்பு நின்றது. "யார் கொண்டுபோனார்கள்? எப்போது?"

களவு போய்விட்டது என்றே அவள் எடுத்துக்கொண்டாள். காருக்குப் போய் யாருடனோ கதைத்துவிட்டு வந்து, மதுராவை உடனே வரச்சொல்லி அழைத்தாள். மகள் வரும்வரை நானும் பொலிஸ்காரியும் குசினியில் இருந்தோம். கோப்பி ஊற்றி வைத்தேன். பொலிஸ்காரி தொடவில்லை. களவு போனதை அறிவிக்காதவளுக்கு லைசென்ஸ் இருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் "அது உள்ளேதான் இருக்கிறது" என்ற சின்ன வசனம் என் வாயில் வரவில்லை.

மதுரா ஓடிவந்து பெட்டகத்தைத் திறந்தாள். ரிவோல்வர் துணியில் சுற்றியபடி கிடந்தது. பொலிஸ்காரி இலக்கத்தைச் சரிபார்த்துத் தலையசைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கள் அப்பாவுக்கு மறதி நோயா?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றாள் மதுரா. "அவர் உங்களுக்குப் பயந்துவிட்டார்."

எனக்கு டேனிஷ் விளங்கும் என்பதை இருவருமே மறந்திருந்தார்கள். இருபத்தைந்து வருசம் காற்றாலைத் தொழிற்சாலையில் இந்த ஊர்க்காரர்களோடு நின்று வேலை செய்தவன் நான். போகும்போது பொலிஸ்காரி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் நீட்டிய கையைப் பிடிக்க முதல், என் கையைக் காற்சட்டையில் துடைக்க வேண்டியிருந்தது.

பொழுதுபட்டதும் மதுரா என் முன்னால் வந்து இருந்தாள்.

"ஏன் அப்பா அப்பிடிச் சொன்னீங்க?"

சொன்னேன். முற்றம், முழங்கால், ஐயா, எல்லாம். என் பிள்ளைக்கு நான் சொல்லாமல் வளர்த்த கதை.

"அந்தத் துவக்கை நான் மியூசியத்துக்குக் குடுக்கிறன்," என்றாள்.

"வேண்டாம் மகள். அது உன்ர. இருக்கட்டும்."

கதிரையை என் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆமி போனதுக்குப் பிறகு உங்கட அப்பா என்ன செய்தவர்?"

"எழும்பினார். கிணத்தடிக்குப் போய்க் குளிச்சார். பிறகு சாகும்வரைக்கும் நாங்க அதைப் பத்திக் கதைக்கவேயில்ல."

வெட்கத்தில் நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் கழித்து நிமிர்ந்தபோது, மதுரா முகத்தைத் திருப்பாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.