மூக்குத்தியும் பாதி முகமும்

கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. சிவா அண்ணன் விடியற்காலையில் போய்விட்டாராம். அன்று ஒரு பழைய கல்யாண வீடியோவை இரண்டு பேருமாகத் தெளிவாக்கி முடிப்பதாக இருந்தோம். டவுனில் இறங்கியும் எங்கள் வீடியோக் கடையைத் திறக்க மனம் வரவில்லை.

உங்களில் பலருடைய கல்யாணத்தை அவர்தான் தோளில் கமராவோடு படம் பிடித்தார். பிற்காலத்தில் அந்த மங்கிய வீடியோ நாடாக்களையே கணினியில் தெளிவாக்க என்னோடு கூட்டுச் சேர்ந்தார். மென்பொருள் கொண்டுவந்தவன் நான். அதைச் சந்தேகப்பட்டவர் அவர். முன்னும் பின்னும் வரும் காட்சிகளில் சிதறிக் கிடப்பதைச் சேர்த்து ஒரு முகத்தைத் தெளிவாக்குவது ஒரு வழி. இல்லாததை மெஷினே ஊகித்து நிரப்புவது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். வேலை சீக்கிரம் முடியும். அவரோ, “பக்கத்துப் படத்துல இருந்தா எடு, இல்லாட்டி விடு” என்பார். வாரத்துக்கு ஒரு சண்டை, பிறகு ஒன்றாக, பால் இல்லாத பிளேன்டீ.

கலஹாவிலிருந்து ஒரு பெண் நாடா கொண்டுவந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மாவை இழந்தவர். யாரோ ஒருவரின் கல்யாண வீடியோவில் சில நொடி தெரியும் அம்மாவின் முகம்தான் அவருக்கு மிச்சம். நான் மெஷினிடம் கொடுத்தேன். பளிச்சென்று ஒரு முகம் வந்தது. அவர் அழுதுகொண்டே வாங்கிப்போய், பிரேம் போட்டு விளக்கும் ஏற்றிவிட்டார்.

பிறகுதான் அண்ணன் மூல நாடாவைப் போட்டுப் பார்த்தார். மூக்கில் ஒரு வெள்ளைப் புள்ளி. நாடாவின் தூசியென்று மென்பொருள் அதைத் துடைத்திருந்தது. தூசி என்றால் அடுத்த காட்சியில் இடம் மாறும்; இது முகம் திரும்பும்போதெல்லாம் கூடவே திரும்பியது. மூக்குத்தி. அந்தப் பெண் சந்தோஷமாக இருக்கிறாரே, ஏன் கெடுக்க வேண்டும் என்று நான் தடுத்தேன். சொன்னால் கடையின் பெயர் போய்விடும் என்ற பயமும் இருந்தது.

“அவங்க கும்பிடுறது அம்மாவ. நம்ம மெஷின் செஞ்ச பொம்பளைய இல்ல” என்றவர், ஊகமில்லாமல் எடுத்த மங்கலான படத்தோடு கலஹா பஸ் ஏறினார். விஷயத்தைக் கேட்ட அந்தப் பெண் தன் மூக்கைத் தொட்டாராம். அம்மாவின் மூக்குத்தியைத்தான் போட்டிருந்தார். அன்று எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மரண அறிவித்தலுக்குப் படம் தேடியபோது அண்ணனின் மனைவி ராணி அக்கா, “அடையாள அட்டைப் படம் வேணாம் தம்பி, அதுல யாரோ மாதிரி இருக்காரு” என்றார். ஆனால் படம் பிடிப்பவர் எந்தப் படத்தில் இருப்பார்? நாடா நாடாவாகத் தேடினேன். ஒரு கல்யாண மண்டபத்துக் கண்ணாடியில் கிடைத்தார், பாதி முகத்தைக் கமரா மறைத்தபடி. பக்கத்துக் காட்சிகளைச் சேர்க்கச் சேர்க்க மீசை நரைகூடத் தெரிந்தது. மறைந்த பாதியை மெஷினிடம் கேட்டேன். ஒரு நொடியில் தந்தது, நல்ல அழகன். அழித்துவிட்டேன்.

பாதி முகத்தோடு போய்த் தயங்கி நின்றேன். அக்கா வெகுநேரம் பார்த்தார்.

“போதும் தம்பி. மத்தப் பாதி எனக்குத் தெரியும்.”

அதன் ஒரு பிரதியை நான் வைத்துக்கொண்டேன். அந்த ஒற்றைக் கண் என் திரையைப் பார்க்கும்படி கடையில் மாட்டியிருக்கிறேன்.