அண்ணைக்கு எட்டாத மணம்

தோடம்பழச் சாறும் தேசிக்காய்ப் புளியும் கலந்த அகலமான பாத்திரத்தின் மேல் குனிந்து, கண்ணை மூடி ஒருமுறை மணந்து பார்ப்பார் அண்ணை. ஜெர்மனியின் கொலோன் நகரில் நான் வேலை செய்யும் கியூபா உணவகத்துக்கு அப்போது அவர்தான் தலைமைச் சமையற்காரர். எனக்கு உறவில்லை, யாழ்ப்பாணத்துக்காரர், வயதில் மூத்தவர், அதனால் அண்ணை. இடித்த உள்ளிப்பூண்டும் சீரகமும் ஒரிகானோவும் சேர்ந்த அந்தப் புளிப்பில் பன்றியின் தோள் இறைச்சியை ஊறப்போட்டு, மறுநாள் குறைந்த சூட்டில் பொறுமையாக வேகவிடுவார். ஹவானாவில் பிறந்த முதலாளி அம்மா சொல்லிக்கொடுத்த சமையல் அது. ஆனால் எதற்கும் அவர் அளவுக் கரண்டி எடுத்ததில்லை. மூக்குத்தான் அளவு.

கொரோனாக் காய்ச்சல் மாறி வேலைக்குத் திரும்பிய அன்று, என்னிடம் ஒரு கரண்டியை நீட்டினார். "தங்கச்சி, உப்புக் காணுமோ எண்டு பாரும்." யாரிடமும் அவர் அப்படிக் கேட்டதில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒண்டும் மணக்குதில்லை. நாக்கும் செத்துப்போச்சு" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அதன்பின் இறைச்சி போடுமுன் ஊறலை நான் ருசித்துச் சொல்வேன். அவர் கை கூட்டும், குறைக்கும். கராம்பையும் கோப்பித் தூளையும் காலை மாலை மணந்து பழகச் சொல்லியிருந்தார் டாக்டர். பொறுத்திருங்கள் என்பதற்கு மேல் அவரிடமும் மருந்திருக்கவில்லை. அடுத்த குளிர்காலமும் வந்துவிட்டது.

விடுமுறை கழிந்த ஒரு காலை, சமையலறைக் கதவைத் திறந்ததுமே கெட்ட இறைச்சியின் வாடை என் முகத்தில் அடித்தது. நாங்கள் இல்லாத நேரத்தில் குளிர்பெட்டி நின்றுபோயிருந்தது. எனக்கு முன்பே வந்துவிட்ட அண்ணை, அந்த வாடையின் நடுவே எதையோ முணுமுணுத்துப் பாடியபடி, ஊறிய துண்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"பழுதோ?"

"ஓம் அண்ணை."

கையிலிருந்த துண்டை மெதுவாகக் கீழே வைத்தார். "இண்டைக்கு நீர் வந்திட்டீர். வராட்டி?"

வேலையை விடுவதாக முதலாளி அம்மாவிடம் அவரே போய்ச் சொன்னார். அவர் அண்ணையின் கையைப் பிடித்து, நிற்கச் சொன்னார். "ஏலாது" என்று அண்ணைக்கு முதலில் தமிழில்தான் வந்தது. பிறகே அதை ஜெர்மனில் சொன்னார்.

இப்போது அவர் ஒரு பொதிக் கிடங்கில் வேலை செய்கிறார். சமையல் என் கைக்கு வந்துவிட்டது. போன மாதம் அவரை வீட்டுக்கு அழைத்து அதே இறைச்சியை வைத்தேன். மெதுவாக மென்றார்.

"நல்லாப் பஞ்சு மாதிரி வெந்திருக்கு. எப்பிடி இருக்குது எண்டு சொல்லும்."

புளிப்பு, உள்ளி, சீரகம் என்று சொல்லத் தொடங்கினேன். எல்லாம் அவருக்குத் தெரிந்த பெயர்கள். அதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை.

"சரி, விடும்" என்றார். இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார். எனக்காகத்தான் சாப்பிடுகிறார் என்று தெரிந்தும், அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தேன்.